கிட்டப் போனா அத்தையக் காணோம்

கண்ணுல பொரை எடுத்துகிட்ட நாமெல்லாம் ஒன்னு சேந்தா, பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில கண்ணுலதான் வந்து நிக்குது. கட்டு அவுத்ததும் வெள்ளை வேட்டியில நீலம் தெரியுதுன்னு நம்ம கூட்டத்துல ஒருத்தரு, யாருன்னு சொல்ல மாட்டேன், வூட்டுக்காரம்மாவோட சண்டைக்கே போயிட்டாரு. தொவைக்கறப்போ நீலத்த அள்ளிக் கொட்டிட்டாங்களாம். அந்தம்மா பாவம், நீலம் போட்டு வருசக்கணக்காச்சுன்னு அழுவாத கொறையா சொல்லுது. நான் சிரிச்சதுக்கு ரெண்டு பேரும் எம்மேல கோவிச்சுகிட்டாங்க. உங்களப் பாத்து சிரிக்கலீங்க. எங்க அத்தை கண்ணாலம் ஞாபகம் வந்துது, அதான். வெள்ளைத் துணியில நீலமும் ஊதாவும் ஒக்காந்திருக்குதுன்னு எனக்குச் சின்னப் புள்ளையிலயே தெரியும். அது தெரியறதுக்குள்ள எங்க வூட்ல நடந்த அமக்களம் இருக்குதே, அதத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

ரெண்டாவது ஒலகச் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி அது. தர்மபுரி அப்ப சேலம் ஜில்லாவுல ஒரு தாலுக்கா. எங்கூரு வேதக்கார ஊரு. எல்லாரும் கேவுரும் கொள்ளும் வெதைக்கறவங்கதான். ஆனா ஊருக்கு நடுவுல மாதா கோயிலு, அத ஒட்டி சாமியார் பங்களா, பங்களாவுக்கும் கெணத்துக்கும் நடுவுல ஒரு பெரிய புங்க மரம். சாமியாரு பிரெஞ்சுக்காரரு, தாடி நெஞ்சு வரைக்கும் தொங்கும். வேத புஸ்தகத்துல இருக்கற தமிழத்தான் பேசுவாரு. மாடு தோட்டத்துல பூந்துட்டா கூட “அகன்று போ”ன்னுதான் வெரட்டுவாரு. மாட்டுக்குப் புரியும், போயிரும்.

அந்த வருசம் அறுப்பு முடிஞ்சு களத்துல வேலை ஓஞ்ச சமயத்துல அவரோட தங்கச்சி வந்தாங்க. கப்பல்ல வந்து, ரயிலேறி, மொரப்பூர்ல எறங்கி, அங்கிருந்து எங்கப்பா வண்டியிலதான் ஊருக்கு வந்து சேந்தாங்க. கண்ணாலம் ஆகாதவங்க, நடு வயசு இருக்கும், வெயில்ல மூக்கு தக்காளி மாதிரி செவந்து கெடக்கும். நாங்க தொரசானியம்மான்னு கூப்புடுவோம். அவங்களுக்கு முந்தி எங்கூருக்கு வந்த வெள்ளக்காரப் பொம்பளைங்கன்னா ஆஸ்பத்திரி சிஸ்டருங்கதான். எப்பவாச்சும் வந்து, ஒவ்வொருத்தரயா வெளிச்சத்துல நிக்க வெச்சு, தோல்ல தேமல் இருக்குதா, பெருவியாதிக்கு அடையாளம் இருக்குதான்னு உத்து உத்துப் பாப்பாங்க. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னால வேணும்.

தொரசானியம்மா நோயெல்லாம் பாக்கல. படம் வரைஞ்சாங்க. ஒரு மூணு கால் சட்டம், அதுல இழுத்துக் கட்டின துணி, ஒரு மரப்பொட்டி. பொட்டியில ஈயக் குழாயி குழாயா நெறம். ஒவ்வொரு குழாயா நசுக்கிப் பலகையில வெப்பாங்க, வெண்ணெ மாதிரி வரும். அந்த எண்ணெ வாசனை எனக்கு இன்னிக்கும் மூக்குலயே இருக்குது. நான் அந்தப் பொட்டியச் சுத்திச் சுத்தி வந்து ஒன்னு கண்டுபுடிச்சேன். அதுல கறுப்பு இல்ல.

அப்பாகிட்ட சொன்னேன். அவரு சாமியார்கிட்ட கேட்டாரு, கறுப்பு இல்லாம காக்காய எப்படி வரைவாங்கன்னு. சாமியாரு தங்கச்சிகிட்ட கேட்டுட்டு வந்து, காக்கா கறுப்பே இல்லையாம், கழுத்துல நீலமும் றெக்கையில பச்சையும் இருக்குதாம்னாரு. அப்பா தலையாட்டிட்டு வந்துட்டாரு. வூட்டுக்கு வந்து அம்மாகிட்ட, அவங்க ஊரு காக்காய் எப்படியோ யாரு கண்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு.

எங்க அத்தை அப்பாவோட கடைசித் தங்கச்சி. அத்தைக்கு அம்மா அப்பா இல்ல, எங்கப்பாதான் வளத்தாரு. நல்ல ஒசரம், நல்ல கறுப்பு, வாயி ஓயாது. கடத்தூர்ப் பக்கம் ஒரு வேதக்காரக் குடும்பத்துல பேசி முடிச்சு, தபசு காலத்துக்கு முன்னாலயே வாக்குக் குடுத்தாச்சு. சேசு உயிர்த்த பாஸ்கு பண்டிகைக்கு முந்தின நாப்பது நாளும் தபசு நோன்பு, அதுல கண்ணாலம் வெக்க மாட்டாங்க. பாஸ்கு முடிஞ்சதும் கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கண்ணாலம், தடை இருந்தா சொல்லலாம்னு ஊரறியச் சொல்றதுதான் ஓலை. அது ஆனாத்தான் தாலி.

தெனமும் பூசை முடிஞ்சதும் பங்களாவுக்குப் பால் கொண்டு போறது அத்தை வேலை. ஒருநா அப்படிப் போறப்போ, நீலச் சீலைய முக்காடு போட்டு, இடுப்புல பால் செம்ப வெச்சுகிட்டு, புங்க மரத்துக்கடியில செத்த நேரம் நின்னிருக்குது. பங்குனி மாசம், புங்கன் அப்பதான் புதுத் தழை விட்டிருந்துது. எல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். தொரசானியம்மா வராண்டாவுல இருந்து ஓடியாந்து, ரெண்டு கையையும் நீட்டி, “அசையாதிரு”ன்னாங்க. அண்ணன்கிட்ட கத்துகிட்ட தமிழு. அத்தை பயந்து அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்பறம் தெனமும் அதே நேரம், அதே எடம், அதே செம்பு. மேகம் வந்தா தூரிகைய வெச்சுட்டு ஒக்காந்துருவாங்க. வெயில் திரும்ப வந்தாத்தான் வேலை. களை எடுக்க ஆளில்லன்னு அம்மா மொணகுவாங்க. வெள்ளக்காரச் சாமியார் வூட்டு விசயம்னு அப்பா வாயத் தொறக்கல.

ஊரே வந்து அந்தப் படத்தப் பாத்துது. யாருக்கும் புடிக்கல. அதுவரைக்கும் நாங்க பாத்த படமெல்லாம் என்னா? தேர்ல எழுதின றெக்கை வெச்ச சம்மனசுங்க, கோயில் செவுத்துல எழுதின அப்போஸ்தலருங்க. எல்லாத்துக்கும் கறுப்புல சுத்திக் கோடு இருக்கும். இதுல கோடே இல்ல. அத்தை சீல எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. அத்தை நடுவுல இல்லாம ஒரு ஓரமா நின்னுது. அந்தப் பக்க ஓரத்துல எங்க செவலை மாட்டுக்குத் தலையும் முன்னங்காலும் மட்டும்தான், மீதிய வெட்டின மாதிரி காணோம். வளக்கற மாட்ட பாதியா எழுதறது ஆகாதுன்னு அப்பாவுக்கு மனசே ஆறல. தூரத்துல வத்தல்மலை வெறும் நீலத் தீத்தலா இருந்துது. மலைன்னா பச்சையில்லாம எப்படின்னு கேட்டாங்க. கேட்டவங்க யாரும் திரும்பி மலையப் பாக்கல, அதுதான் வேடிக்கை. அன்னிக்கும் அது நீலமாத்தான் நின்னுகிட்டிருந்துது.

எல்லாரும் படத்துகிட்டப் போயி மூக்கு படற மாதிரி நின்னுதான் பாத்தாங்க. எங்க பழக்கம் அப்படி. படம்னா அது புனிதருங்க படம். கிட்டப் போவோம், தொடுவோம், தொட்ட வெரல ஒதட்டுல வெச்சு முத்தி செய்வோம். தள்ளி நின்னு பாக்கறதுக்குன்னு ஒரு படம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

எனக்கு மட்டும் தெரிஞ்சுது, அதுவும் புத்திசாலித்தனத்துல இல்ல. கெணத்துல தண்ணி சேந்த அனுப்பினாங்க. கொடத்த வெச்சுட்டுத் திரும்பினா மரத்தடியில ரெண்டு அத்தை. ஒன்னு நிக்குது, இன்னொன்னு சட்டத்துல நிக்குது. சட்டத்துல இருக்கற அத்தைக்கு மூஞ்சி இருந்துது, கண்ணுல சிரிப்பு இருந்துது, செம்புல வெயில் அடிச்சுக் கண்ணு கூசிச்சு. ஓடினேன். கிட்டப் போனா அத்தையக் காணோம். வெள்ளை, ரோசு, பச்சை, ஊதான்னு வெறும் கட்டி கட்டியா அப்பி வெச்சிருக்குது. திரும்பக் கெணத்துக்கு ஓடினேன், அத்தை வந்துடுச்சு. அன்னிக்கு முழுக்க இதே வெளையாட்டு. பாதித் தண்ணிதான் வூட்டுக்கு வந்துதுன்னு அம்மா காதத் திருகினாங்க. நான் சொன்னத யாரு கேட்டாங்க?

பாஸ்குக்கு ரெண்டு வாரம் இருக்கறப்பவே கோயில்ல இருக்கற சுரூபம் எல்லாத்தையும் ஊதாத் துணி போட்டு மூடிருவாங்க. உங்களுக்கும் தெரியும். மாதாவ மூடி, சூசையப்பர மூடி, சிலுவைய மூடி, உள்ள போனா வூட்டுக்காரங்க இல்லாத வூடு மாதிரி இருக்கும். மூடின மொத வெள்ளிக்கெழமை சிலுவைப்பாதைக்கு மாப்ளயோட அம்மா எங்கூருக்கு வந்தாங்க. சின்ன வயசுலயே புருசன் போயிட்டாரு. அன்னிலேருந்து வெள்ளைச் சீலதான். ஒத்தப் புள்ளைய வெச்சு வளத்தவங்க. சிரிச்சு நான் பாத்ததில்ல.

அவங்க மாதாகிட்ட என்ன வேண்டிகிட்டு வந்தாங்களோ, மாதா துணிக்குள்ள இருந்தாங்க. வெளிய வந்தா பங்களா வராண்டாவுல காயறதுக்கு வெச்ச படம். நீலச் சீலை, முக்காடு. ஊர்லயே மூடாத ஒரே மாதா இங்கதான் இருக்குதுன்னு நெனச்சு, கிட்டப் போயி, மூஞ்சியத் தொட்டு, வெரல ஒதட்டுல வெச்சாங்க. எண்ணெ கசந்திருக்கும். எங்கம்மா பெருமையா, அது மாதா இல்லீங்க, எங்க நாத்தனாதான், உங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுதான்னு சொன்னாங்க.

அந்தம்மா வெரலப் பாத்தாங்க. வெரல்ல ஊதா. படத்தப் பாத்தாங்க. கன்னத்துல வெள்ளைத் திட்டு, நெத்தியில ரோசுத் திட்டு, கழுத்துல பச்சை, கண்ணுக்குக் கீழ ஊதா. முந்தானையால வெரலத் தொடைச்சாங்க, வெள்ளைச் சீலயில கறை புடிச்சுது. குடுத்த தண்ணியக் கூட வாங்காமப் போயிட்டாங்க. அம்மா சொம்போட நின்னுகிட்டிருந்தாங்க.

மறுநாளே கோயில் உபதேசியார் சேதியோட வந்தாரு. அந்தம்மா சொன்னத அவரு மென்னு முழுங்கித்தான் சொன்னாரு. வெள்ளக்காரப் பொம்பளைங்க கண்ணு நமக்குத் தெரியாதத பாக்கும், சிஸ்டருங்க பாக்கலையா? தெனமும் நிக்க வெச்சு உத்துப் பாத்திருக்காங்க, எங்கெங்க திட்டு இருக்குதோ அங்கெல்லாம் அடையாளம் போட்டு வெச்சிருக்காங்க. பொண்ணுக்கு வெண்குட்டமோ அதவிடப் பெருசோ என்னமோ இருக்குது, எண்ணெயும் மஞ்சளும் பூசி மறைச்சிருக்கீங்க. ரெண்டு பொம்பளைங்கள அனுப்பறேன், உள் ரூமுல கதவச் சாத்தி உடம்பப் பாக்கட்டும். இல்லன்னா ஓலை வேண்டாம். இவ்வளவுதான் சேதி.

வெண்குட்டம்னு ஒரு பேச்சு கெளம்பிட்டா அத்தைக்கு இந்த மாப்ள மட்டும் இல்ல, எந்த மாப்ளயும் இல்ல. எனக்கும் நாளைக்கு இல்ல. அந்தக் காலத்துல அது வமுசத்தையே புடிக்கற பேரு. அம்மா அழுதுகிட்டே, வந்து பாத்துட்டுத்தான் போகட்டுமே, நமக்கென்ன மடியில கனம்னு சொன்னாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு. அத்தை மட்டும் முடியாதுன்னுடுச்சு. சந்தையில மாட்டப் பாக்கற மாதிரி என்னப் பாக்க ஒருத்தரும் வரவேண்டாம், கண்ணாலமே வேண்டாம்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குள்ள போயிருச்சு. அந்த மாப்ளய அத்தைக்கு எவ்வளவு புடிச்சிருந்துதுன்னு எனக்குத் தெரியும். அவரு வண்டி எங்கூரு வழியாச் சந்தைக்குப் போற அன்னிக்கு மட்டும் அத்தைக்கு ரோட்டோரக் காட்டுலதான் வேலை இருக்கும்.

சாயங்காலம் அப்பா ஒரு கொட்டாங்கச்சியில அடுப்புக் கரியும் செங்காவியும் கொழச்சு எடுத்துகிட்டுக் கெளம்பினாரு. நானும் பின்னாடியே போனேன். நேரா வராண்டாவுக்குப் போயி படத்துக்கு முன்னால நின்னாரு. மூஞ்சிய ஒரே நெறமாப் பூசி, சுத்திக் கறுப்புக் கோடு இழுத்துட்டா தீந்துதுன்னு அவரு கணக்கு. நல்ல மனுசன், கெட்ட எண்ணமே கெடையாது. தங்கச்சிய மானத்தோட அனுப்பணும், அது ஒன்னுதான். வெரலக் கரியில தொட்டுட்டாரு. அதுக்குள்ள அத்தை வந்து கையப் புடிச்சுது.

“படத்தப் பூசிருவீங்க. அப்பறம் என்னையும் பூசுவீங்களாண்ணா?”

அப்பா கரிக் கையத் தாழ்த்தினாரு. அப்பறம் அவரு அழுததப் பாத்தேன், மொதல் தடவையா. அத்தை கொட்டாங்கச்சிய வாங்கி வெச்சுட்டு, மரத்தடியில போயி நின்னு அண்ணாந்து பாத்துது. பொழுது எறங்கிருச்சு, அங்க வெயில் இல்ல, நெழல் மட்டும்தான். ரொம்ப நேரம் நின்னுது. திரும்பி வந்து உபதேசியாருக்குச் சேதி சொல்லச் சொல்லுச்சு. நாளைக்குக் குருத்து ஞாயிறு, பூசைக்கு மாப்ளயோட அம்மா இங்கதான் வரணும், மகனையும் கூட்டிகிட்டு வரட்டும், என்ன நானே காட்டறேன், ரூமுல இல்ல, வெளியில.

ராத்திரி அம்மா ஜெபமாலைய வுடவே இல்ல. வெளியில காட்டறதுன்னா என்னத்தக் காட்டப் போறாளோன்னு அவங்களுக்குப் பயம்.

பூசை முடிஞ்சு எல்லாரும் கையில தென்னங்குருத்தோட வெளிய வந்தாங்க. வெயில் நல்லா ஏறியிருந்துது. சேதி ஊருக்கே தெரிஞ்சிருந்துது, ஒருத்தரும் வூட்டுக்குப் போகல. மாப்ள வழக்கப்படி கிட்ட வராம கோயில் மதிலோரம் வண்டி மாட்டுகிட்ட நின்னாரு. தொரசானியம்மா விசயம் தெரியாம படத்த எடுத்தாந்து மரத்தடியில அதோட எடத்துல வெச்சாங்க.

அத்தை அதே நீலச் சீலையில மொதல்ல நட்ட நடு வெயில்ல போயி நின்னுது. முக்காட்ட எடுத்துட்டு, மூஞ்சிய நிமித்தி, ரெண்டு கையையும் நீட்டிச்சு. பாத்துக்கோங்கன்னு ஒரு வார்த்தைதான். மூஞ்சி ஒரே நெறம், கை ஒரே நெறம், நல்ல கறுப்பு. எண்ணெ இல்ல, மஞ்சளும் இல்ல. அப்பறம் மெதுவா நடந்து புங்க மரத்துக்கடியில போச்சு. அவ்வளவுதான், எல வழியா எறங்கின வெயில் திட்டுத் திட்டா அத்தை மேல வுழுந்துது. கன்னத்துல ஒன்னு, நெத்தியில ஒன்னு. வெயில் படாத எடத்துல தழையோட பச்சையும் சீலையோட நீலமும் கலந்து என்னமோ ஒரு ஊதா. கூட்டத்துல யாரோ “சேசுவே, மாதாவே”ன்னாங்க. படத்துல இருந்த திட்டு ஒவ்வொன்னும் ஆளு மேல இருந்துது.

மாப்ளயோட அம்மா ஆடாம அசையாம நின்னாங்க. அத்தை அவங்களப் பாத்து, நீங்களும் இப்படி வாங்கம்மான்னு கூப்புட்டுது. கொரல்ல கோவம் இல்ல. அந்தம்மா தயங்கித் தயங்கி நெழலுக்குள்ள வந்தாங்க. எல்லாரும் பாத்தோம், ஆனா அதச் சொல்ல யாருக்கும் தைரியம் வரல. மதிலோரத்துல இருந்து மாப்ளதான் சொன்னாரு.

“அம்மா, உங்க கன்னத்துலயும் இருக்குதும்மா.”

அந்தம்மா கையப் பாத்தாங்க. பொறங்கையில ஒரு வட்ட வெயில். கைய நகத்தினாங்க. கை நகந்துது, வட்டம் அங்கியே நின்னுது. கையத் திருப்பினாங்க, உள்ளங்கையில ஒக்காந்துகிச்சு. சின்னப் புள்ளைங்க மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பறம் சீலையப் பாத்தாங்க. வெயில் பட்ட எடம்தான் வெள்ளை. மடிப்புல நீலம், மடிப்புக்குள்ள ஊதா, தரைப் பக்கம் செம்மண்ணு நெறம். முந்தானைய எடுத்துக் கண்ணுகிட்டக் கொண்டு போனாங்க, தள்ளிப் புடிச்சாங்க. அவங்க பேசினது பக்கத்துல இருந்த எங்களுக்கு மட்டும்தான் கேட்டுது.

“வெள்ளை கட்டினப்பறம் எம்மேல நெறமே இல்லன்னுல்ல நெனச்சிருந்தேன்.”

அவங்கள நான் அதுவரைக்கும் ராட்சசின்னு நெனச்சிருந்தேன். எனக்கு அப்ப வயசு எட்டோ என்னமோ. இப்ப நெனச்சாத் தெரியுது, அவங்க பயந்தது தேமலுக்கு மட்டும் இல்ல. துணி மூடின கோயில்ல இருந்து வெளிய வந்து, வரப்போற மருமக மூஞ்சியில அதே துக்கத்து ஊதாவப் பாத்திருக்காங்க. அவங்க பட்டது மகன் வூட்டுக்கும் வந்துருமோன்னு நடுங்கிட்டாங்க. அதச் சொல்லத் தெரியாமத்தான் தோலப் பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

அந்த நேரத்துல எல்லாரும் கண்ணத் தொடைச்சுகிட்டு நிக்க, தொரசானியம்மா என்ன பண்ணாங்க தெரியுங்களா? ஒன்னும் புரியாம, நீலச் சீலையும் வெள்ளைச் சீலையும் பக்கத்துல பக்கத்துல நிக்கறதப் பாத்துட்டு, தொப்பி பறக்க பங்களாவுக்குள்ள ஓடி இன்னொரு துணிச் சட்டத்தத் தூக்கியாந்து, “அசையாதிரு, அசையாதிரு”ன்னாங்க. மொதல்ல அத்தை சிரிச்சுது. அப்பறம் அப்பா. அப்பறம் மாப்ளயோட அம்மா வாய முந்தானையால மூடிகிட்டாங்க, தோளு குலுங்கறது தெரிஞ்சுது. சாமியாரு கூட தாடிக்குள்ள சிரிச்சாரு. சிரிப்பு அடங்கினதும் அந்தம்மா எங்கப்பாவப் பாத்து, பாஸ்கு முடிஞ்சதும் ஓலை வாசிக்கச் சொல்லுங்கன்னாங்க.

அதுக்கப்பறம் நடந்ததுதான் எங்கூருக்கே அதிசயம். மூணு வாரமும் ஓலை வாசிக்கறதக் கேக்க வந்தப்ப, அந்தம்மா பூசை முடிஞ்சு மரத்தடியில ஒக்காந்தாங்க. தொரசானியம்மா வரைஞ்சாங்க. ஒருத்தருக்கு இன்னொருத்தரு பேசறது ஒரு எழுத்துப் புரியாது, ஆனா ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்குவாங்க. அவங்க பேசறது இவங்களுக்கு வேணாம், இவங்க பேசறது அவங்களுக்கு வேணாம், அப்படி ஒரு சிநேகம். அவங்க படத்துலயும் கறுப்பு இல்ல, கோடும் இல்ல. வெறும் வெள்ளைச் சீலைய வரையறதுக்குப் பொட்டியில இருந்த அத்தனை குழாயும் காலியாச்சு.

அந்தப் படம் தொரசானியம்மாவோட கப்பலேறிப் போயிருச்சு. சண்டை வந்துது, கடுதாசி நின்னுது, சாமியாரும் மாத்தலாகிப் போனாரு. இப்ப எந்த ஊர்ல எந்தச் செவுத்துல எங்கூரு புங்க மரம் நிக்குதோ, இல்ல அந்தச் சண்டையிலயே எரிஞ்சுதோ, தெரியாது. அத்தை படம் அத்தையோட சீரா வண்டியில போச்சு. அவங்க வூட்ல வாசல்ல இருந்து பாத்தாத் தெரியற மாதிரி கடைசிச் செவுத்துல மாட்டினாங்க. கிட்டப் போயி முத்தி செய்ய முடியாதபடி அதுக்குக் கீழ தானியக் குதிரு. பின்னால ஒரு மழையில செவுரு ஓதம் எடுத்து, கரையான் ஏறி, பாதி போச்சு. போன பாதி மாடு இருந்த பாதி. செவலை இப்பத்தான் முழுசாப் போயிருச்சுன்னு அப்பா சொன்னாரு. அத்தை சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துது.

கண்ணாலத்தச் சொல்லாம வுட்டுட்டேன் பாருங்க.

எங்க கோயில்லதான் தாலி கட்டு. அன்னிக்கு விடிஞ்சதுமே நான் கெணத்தடியில நின்னேன், புதுப் பாவாடைய எல்லாருக்கும் காட்டணும்ல. மாப்ள வூட்டு வண்டி வந்து நின்னுது. அந்தம்மா எறங்கி, கோயிலுக்குப் போகாம பங்களா பக்கம் வந்தாங்க. வராண்டாவுல அவங்க படம் இருந்துது, அப்பதான் முடிஞ்சது, ஈரம் காயல. கெணத்துகிட்ட நின்னு, என் பக்கத்துலயே நின்னு, பாத்தாங்க. தள்ளி நின்னு பாக்கணும்னு இப்பத்தான் தெரியுமே. நல்லாத்தானே இருக்கறேன்னு என்கிட்ட மெதுவாக் கேட்டாங்க. நல்லா இருக்கீங்க ஆத்தான்னேன். அப்பறம் சுத்தும் முத்தும் பாத்தாங்க. யாரும் இல்ல, நான் ஒரு கணக்கா? கிட்டப் போனாங்க. பழக்கம் வுடுமா? படத்துல இருக்கற அவங்க கன்னத்த அவங்களே தொட்டு, வெரல ஒதட்டுல வெச்சாங்க.

பூசை முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, பொண்ணும் மாப்ளயும் அவங்க ஊருக்குப் போனாங்க. வண்டியில நானும் தொத்திகிட்டுப் போனேன். வாசப்படியில பொண்ண நிக்க வெச்சு, வூட்டுப் பெரியவங்க நெத்தியில வெரலால சிலுவை போட்டு உள்ள கூப்புடணும். மாப்ளயோட அம்மா கதவுக்குப் பின்னால போயி நின்னுகிட்டாங்க. வேதக்காரங்கன்னா மட்டும் என்ன, தாலியறுத்தவங்க நல்ல காரியத்துல முன்னால வரக்கூடாதுங்கறது எங்க சனத்துலயும் இருந்துது. சிலுவை போடறதுக்குன்னு மாப்ளயோட ஒரு சித்திய, புருசன் இருக்கறவங்கள, முன்னால அனுப்பினாங்க.

அத்தை அந்தச் சித்தியத் தாண்டிப் போச்சு. கதவுகிட்டப் போயி, மாமியாருக்கு முன்னால குனிஞ்சு நெத்தியக் காட்டிச்சு.

“நீங்க போடுங்க.”

அந்தம்மா கைய எடுத்தாங்க, வெரலப் பாத்தாங்க, டக்குனு முந்தானைக்குள்ள ஒளிச்சுகிட்டாங்க. ஊதா. கழுவியும் போகல. அத்தை முந்தானைக்குள்ள கைய வுட்டு அந்தக் கையப் புடிச்சு வெளிய எடுத்து, தன் நெத்தியில வெச்சுது. அந்தம்மா மெதுவாச் சிலுவை போட்டாங்க, மேல இருந்து கீழ, இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்குன்னு போடறத நெத்திக்குள்ளயே. போட்ட எடத்துல ஊதாவா ஒரு கோடும் குறுக்க ஒரு கோடும் நின்னுது. சித்தி, துக்கத்து நெறமாச்சே, தபசு நெறம்னு ஆரம்பிச்சாங்க. அத்தை திரும்பிப் பாத்துது, நிறுத்திகிட்டாங்க. அன்னிக்கு முழுக்க அத்தை அதத் தொடைக்கல.

மாப்ள மட்டும் மூஞ்சியத் திருப்பாம வாசல்ல இருந்து பின்பக்கமாவே தள்ளித் தள்ளிப் போனாரு. பொண்ணு உள்ள போகாம இவரு எங்க போறாருன்னு எல்லாரும் பாத்தோம். அம்மாவும் அத்தையும் வாசப்படியில நிக்கறதப் பாத்துகிட்டே போயிப் போயி, கடைசியில வண்டி மாட்டு மேல முட்டிகிட்டு நின்னாரு. அங்க நின்னு நல்லாப் பாத்துட்டு, இப்பத் தெரியுதுன்னாரு.